சிந்துஜாவின் எள்

விதை வாரம் என்றால் எனக்குக் கொண்டாட்டம், பெற்றோர்களுக்கு எரிச்சல். சட்டையெல்லாம் மாவு, நகக்கண்ணில் மண், புத்தகப் பையில் பாதி கடித்த பன். வீட்டுக்குப் போன பிறகும் பிள்ளை சும்மா இருக்காது, வெண்டைக்காயைப் பிளந்து விதையை நோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். "இதையெல்லாம் படிச்சு என்னங்க ஆகப்போகுது?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தர் கேட்பார். நான் பதில் சொல்வதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பேசினால் நான் ஜெயித்துவிடுவேன், அவர்கள் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிடுவார்கள்.

எங்கள் மழலையர் பள்ளி கோயம்புத்தூரில், பீளமேட்டுப் பக்கம், ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. இப்போதெல்லாம் பகலில் தெருவில் கால் வைக்க முடியாது, வெயில் அப்படி. அதனால் பிள்ளைகள் லிஃப்டில் வந்து லிஃப்டில் வீட்டுக்குப் போகிறார்கள். ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி அடைத்து வைத்திருக்கிறார்கள். மண்ணைக்கூடப் பொட்டலத்தில்தான் வாங்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளைக்கு விதை என்றால் என்ன என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது என் கட்சி. அதனால் கொண்டுவரும் விதையில் பாதியை மாவின் மேல் ஒட்டி பன் சுடுவோம், மீதியைத் தொட்டியில் போடுவோம். ஒரு கை அடுப்புக்கு, ஒரு கை மண்ணுக்கு. இதுதான் சௌடேஸ்வரி மிஸ்ஸின் சட்டம். சௌடேஸ்வரி நான்தான்.

அமிழ்தா அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவள். ஐந்து வயது. சேர்க்க வந்தபோது அப்பா மட்டும்தான் வந்தார். நவநீதன் என்று பெயர், வீட்டிலிருந்தே ஏதோ கணினி வேலை. "அம்மா வரலீங்களா?" என்று கேட்டேன். "அவ வெளிய வர்றதில்லீங்க" என்றார். ஏதோ நோய் போலிருக்கிறது என்று நானும் அதற்குமேல் துருவவில்லை. பிள்ளை அதிகம் பேசாது, ஆனால் பேசினால் கேள்வியாகத்தான் பேசும். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

விதை வாரத்தின் முதல் நாள் அவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"மிஸ், மண்ணுல போட்டா விதை என்னாகும்?"

"முழிச்சுக்கும் கண்ணு."

"அடுப்புல போட்டா?"

"பன்னுல ஒட்டிக்கும். நாம சாப்பிட்டுருவோம்."

"அப்புறம் முழிக்காதா?"

"முழிக்காது."

"தண்ணி ஊத்தினாலும்?"

"குடம் குடமா ஊத்தினாலும் முழிக்காது."

"அதுக்கு வலிக்குமா மிஸ்?"

"வலிக்காது கண்ணு. அது தூங்கிட்டுத்தானே இருக்கு."

மறுநாள் எல்லோரும் வீட்டிலிருந்து விதை கொண்டுவந்தார்கள். கடுகு, வெந்தயம், பூசணி விதை. ஒருத்தி பாதி கடித்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து நீட்டினாள். அமிழ்தாவிடம் குங்குமச் சிமிழ் அளவுக்கு ஒரு வெள்ளி டப்பா இருந்தது. உள்ளே கறுப்பு எள். தன் மாவு உருண்டையின் மேல் டப்பாவை அப்படியே கவிழ்த்து, ஒரு விதையும் கீழே விழாதபடி உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

"மண்ணுக்கு?" என்றேன்.

"எனக்கு மண்ணு வேண்டாம் மிஸ்."

பிள்ளைகள் அடம் பிடிப்பது புதிதில்லை என்று விட்டுவிட்டேன். பன் வேகும்வரை மற்றதுகள் ஓடி விளையாடின. இவள் மட்டும் அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன் ஆறியதும் யாருக்கும் ஒரு விள்ளல் கொடுக்கவில்லை. முழுவதையும் தானே தின்றாள். தட்டில் உதிர்ந்த எள்ளையும் விரலை எச்சில் பண்ணி ஒற்றி எடுத்துத் தின்று முடித்தாள்.

அவள் பெயர் ஒட்டிய தொட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. எனக்கு அது பொறுக்காது. மற்ற தொட்டிகளெல்லாம் முளைக்கும்போது வெறும் தொட்டிக்காரப் பிள்ளை உதடு பிதுக்கி அழுவதை வருடா வருடம் பார்க்கிறவள் நான். டப்பாவின் விளிம்பிலும் மூடியிலும் சில எள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் சுரண்டி அவள் தொட்டியில் போட்டு, மண்ணை மூடித் தண்ணீர் தெளித்தேன்.

பள்ளி விடுகிற நேரத்துக்கு முன்பே நவநீதன் வந்துவிட்டார். வீட்டுச் செருப்பு, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை.

"மிஸ், அமிழ்தா ஒரு வெள்ளி டப்பா கொண்டுவந்தாளுங்களா?"

"கொண்டுவந்தாளே. எள்ளு."

"எங்கீங்க அது?"

"பன்னு சுட்டோம் தம்பி. அவளே சாப்பிட்டுட்டா."

அவர் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. விஷமோ மருந்தோ என்று நினைத்து, "பாப்பாவுக்கு ஏதாவது ஆயிருமா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அது சிந்துஜா."

"யாரு?"

"என் சம்சாரமுங்க."

உயிர்ப்பதிவு பற்றி நானும் விளம்பரங்களில் பார்த்திருக்கிறேன். ஆபத்தான அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களின் மனதை முந்தின நாளே அப்படியே படியெடுத்து, விதையின் மரபணுவுக்குள் எழுதி வைத்துவிடுகிறார்கள். இயந்திரத்தில் வைத்தால் மின்சாரம் வேண்டும், பராமரிப்பு வேண்டும். விதைக்கு ஒரு டப்பா போதும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், குடும்பத்தின் கையில் விதையைக் கொடுத்ததும் நிறுவனம் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும். இதெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கள் கட்டடத்துக்குள்ளேயே ஒரு வீட்டில் நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

"வீட்டுல ஒரு பெட்டி இருக்குதுங்க" என்றார் நவநீதன். "ஒரு விதையை உள்ள போட்டா, படிச்சுட்டு அவளை எழுப்பும். பேசுவா, சிரிப்பா, சண்டை போடுவா, பாட்டுப் பாடுவா. ஆனா ஒரு மாசந்தான் தாங்கும். அப்புறம் வார்த்தை குழம்பிரும், சொன்னதையே சொல்லுவா. அதுக்குள்ள நிறுத்திட்டு அடுத்த விதையைப் போடணும்."

"அந்தப் போன மாசம் பேசினதெல்லாம்?"

"இருக்காதுங்க. விதையில இருக்கறது ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்குந்தான்."

"அப்ப மாசா மாசம் முழிச்சதும் என்ன கேப்பாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா'ன்னு கேப்பாளுங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவர் சட்டென்று நிமிர்ந்து, "மண்ணுல ஏதாச்சும் போட்டீங்களா மிஸ்? ஒரே ஒரு விதை பொழைச்சாப் போதுமுங்க. செடியாகிக் காய் வச்சா, அந்த எள்ளு அத்தனையிலும் அவதான்" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அமிழ்தா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நான் மண்ணுல போடலைப்பா. எல்லாம் அடுப்புலதான்" என்றாள். பயந்த குரலில்லை. வீட்டுப்பாடம் முடித்த பிள்ளை சொல்வது மாதிரி சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன். முதலில் இந்தப் பிள்ளையிடம் விசாரிப்போம், தொட்டி எங்கேயும் ஓடிவிடாது என்று நினைத்தேன்.

மறுநாள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன்.

"ஏன் கண்ணு அப்படிப் பண்ணினே?"

"அம்மாதான் சொன்னாங்க மிஸ். இனிமே என்னை எழுப்ப வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுன்னு."

"எப்பச் சொன்னாங்க?"

"எல்லா மாசமும் சொல்லுவாங்க. முதல்ல ரொம்ப அழுவாங்க. அப்புறம் நல்லா இருப்பாங்க, கதை சொல்லுவாங்க. அப்புறம் ஒருநாள், 'மறுபடியும் முதல்லருந்து நான் செத்துப்போனதைக் கேக்க முடியாது, வேண்டாம்'னு சொல்லுவாங்க."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். ஆனா கடைசி நாள் அம்மா, 'எனக்குப் பயமா இருக்கு, நிறுத்தாதீங்க'ன்னு கத்துவாங்க மிஸ். அப்பா அதை மட்டுந்தான் கேப்பாங்க." களிமண்ணை இரண்டாகப் பிய்த்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டாள். "அன்னைக்குச் சொன்னதும் அம்மா, இன்னைக்குச் சொல்றதும் அம்மா. யாரு சொல்றதைக் கேக்கறது மிஸ்?"

இத்தனை வருட வாத்தியார் வேலையில் பதில் தெரியாத கேள்விகளுக்கு ஒரு சிரிப்பு வைத்திருப்பேன். அன்று அது வரவில்லை.

"அப்புறம் மிஸ், புது அம்மாவுக்கு என்னைத் தெரியாது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நான் குட்டிப் பாப்பாவாம். முழிச்சதும், 'யாருங்க இந்தப் பொண்ணு?'ன்னு கேப்பாங்க. நான்தான் அமிழ்தான்னு மாசா மாசம் சொல்லணும்."

எனக்கு நவநீதன் மேல் கோபம் கோபமாக வந்தது. பெற்ற பிள்ளையை மாதத்துக்கு ஒரு தடவை வாசலில் நிறுத்தி ஊர் பேர் சொல்ல வைக்கிறானே மனுஷன் என்று பொருமினேன். அவருக்கும் அடைத்த ஜன்னலுக்குள் பேச வேறு ஆளில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரத்திலேயே மாதக் கடைசி வந்தது. எல்லாத் தொட்டியிலும் முளைவிட்டிருந்தது. அன்று காலையில் அமிழ்தாவின் தொட்டியையும் பார்த்தேன். ஒரே ஒரு முளை, இரண்டு இலையை விரித்துக்கொண்டு நின்றது. மற்ற தொட்டிகளுக்குப் பின்னால் அதைத் தள்ளி வைத்தேன். மதியம் நவநீதன் போன் பண்ணினார். "மிஸ், இந்த மாசம் போட்ட விதையில முழிச்ச சிந்துஜா, உங்ககிட்டப் பேசணுங்கறா. கொஞ்சம் மேல வந்துட்டுப் போக முடியுங்களா?"

வீடு சுத்தமாக இருந்தது. சாப்பாட்டு மேசையின் மேல், பழைய காலத்து ரேடியோ அளவில் அந்தப் பெட்டி. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார்கள், ஒறம்பரை, விருந்தாளி யாராவது வந்தால் போடுவது மாதிரி. நான் உட்கார்ந்தேன். அமிழ்தா என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"வாங்க மிஸ், காபி குடிக்கறீங்களா?" என்றது பெட்டி. முப்பது வயதுப் பெண்ணின் குரல். கொஞ்சம் சளி பிடித்த குரல் போலிருந்தது.

"வேண்டாமுங்க."

"இவரு எல்லாஞ் சொல்லிட்டாருங்க. பாப்பா என்னைப் பன்னுல போட்டுத் தின்னுட்டாளாமா?" சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "மிஸ், நெசமாலுமே எல்லாம் போயிருச்சுங்களா? ஒரே ஒரு விதைகூட இல்லீங்களா?"

நவநீதன் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது, நாலு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். மடியில் இருந்த பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதன் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் ஓடுவான்.

"இருந்தா என்ன பண்ணச் சொல்லுவீங்கம்மா?" என்று கேட்டேன்.

பெட்டி நின்றுவிட்டதோ என்று நவநீதன் எட்டிப் பார்த்தார்.

"எழுப்புங்கன்னுதான் சொல்லுவனுங்க" என்றாள் சிந்துஜா. "பயந்தவகிட்டக் கேட்டா வேற என்னங்க சொல்லுவா? எழுப்புங்க எழுப்புங்கன்னு கெஞ்சுவேன். மறுபடி இங்க ஒருத்தி முழிச்சு, ஆபரேஷன் முடிஞ்சுதான்னு கேப்பா. பாவம், அவளுக்கு நான் கெஞ்சினது தெரியாது." குரல் தழைந்தது. "இருக்குதுங்களா மிஸ்?"

"இல்லீங்க" என்றேன். "ஒண்ணும் மிச்சமில்லீங்க."

மூச்சு விட அவளிடம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்ததை நான் கேட்டேன். அதன் பிறகு அவள் கெஞ்சவில்லை, கத்தவும் இல்லை.

"அமிழ்து, பன்னு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சும்மா. எள்ளு கொஞ்சம் கசந்துச்சு."

"அப்பனாட்டவே நாக்கு உனக்கு. எதுலயும் ஒரு குத்தம்."

நவநீதன் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நான் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். அந்தத் தாயும் மகளும் அப்புறம் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. பெட்டியை அவர் அணைக்கவில்லையாம். சில நாள் வார்த்தை குழம்பி, பிறகு பாட்டு மட்டும் வந்து, ஒருநாள் காலையில் அதுவும் நின்றுவிட்டது என்று அமிழ்தா சொன்னாள்.

என் பாடு அப்புறம்தான் ஆரம்பித்தது. அந்த முளையைப் பிடுங்கிவிடலாம் என்று இரண்டு விரலால் பிடித்தேன். கை வரவில்லை. ஆளைக் கொல்வது மாதிரி இருந்தது. நவநீதனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று லிஃப்ட் வரை போனேன். அங்கிருந்தும் திரும்பி வந்தேன். பள்ளியிலேயே ஒளித்து வைக்கவும் வழியில்லை. விதை வாரத்துக்கு அடுத்த வாரக் கடைசியில் அவரவர் தொட்டியை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை என்றால் எல்லோரும் கேட்பார்கள். யாருக்கும் தெரியாமல் கடையில் வேறு எள் வாங்கி மாற்றி வைக்கலாம் என்று தோன்றியபோது நேரம் தாண்டிவிட்டது. அமிழ்தா தொட்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"என் தொட்டியில எப்படி மிஸ் முளைச்சுது?"

"நான் கடை எள்ளு போட்டேன் கண்ணு."

அவள் முளையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "மிஸ் போட்ட கடை எள்ளுப்பா" என்று கூட்டிப்போக வந்த அப்பாவிடம் நீட்டினாள். அவர் தொட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. காலையில் அவர் பிள்ளையை விடவரும்போதெல்லாம் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். செடி வளர்ந்துவிட்டது, பூத்துவிட்டது, காய் பிடித்துவிட்டது என்று அமிழ்தா சேதி சொல்வாள். நான் சிரித்துக்கொண்டே, "அப்படியா கண்ணு" என்பேன். அந்தப் பெட்டி இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. ஏதோ ஒரு துக்கத்தில், சும்மா போட்டுப் பார்ப்போமே என்று அந்த மனிதர் ஒரு எள்ளை உள்ளே போட்டால்? அவள் முழிப்பாள். ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்பாள். நான் சொன்ன பொய் அந்த நிமிடமே அம்பலமாகும். அது போகட்டும், என் மானம் போனால் போகிறது. மறுபடியும் அந்தப் பெண்ணை உள்ளே தள்ளிப் பூட்டிய பாவம் யாருக்கு? தூக்கத்தில்கூட அந்தத் தொட்டியைச் சுற்றியே வந்துகொண்டிருந்தேன்.

புரட்டாசியில் ஒருநாள் காலை அவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அமிழ்தாவுக்குப் பாவாடை சட்டை.

"இன்னைக்கு இவளுக்கு லீவு வேணுமுங்க மிஸ். மகாளய அமாவாசை. வெயில் ஏறறதுக்குள்ள பேரூர் போயி ஆத்துல அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு வந்தர்றோம்."

"இதுவரைக்கும் செய்யலீங்களா?"

"உசுரோட பேசிட்டு இருக்கறவளுக்கு எப்படீங்க எள்ளுந் தண்ணியும் விடறது? இப்பத்தான் மனசு வந்துச்சு." இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். கறுப்பு எள். "கடையில வாங்கலாம்னு இருந்தனுங்க. இவதான், வேண்டாம், என் செடி எள்ளுதான் வேணும்னு ஒரே அடம். முத்தின காயை எல்லாம் ஜன்னல் வெயில்ல வச்சு வெடிக்க வச்சு, இவளே பொறுக்கி வச்சிருக்கா."

சொல்வதென்றால் அதுதான் கடைசி நேரம். அந்த மனிதர் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. செத்துப்போன பெண்டாட்டிக்குச் சடங்கு செய்யப் போகிற சாதாரண மனிதனாக நின்றார்.

"நல்லதுங்க தம்பி" என்றேன். "எல்லாத்தையும் ஆத்துல விட்டுருங்க. ஒண்ணுகூட மிச்சம் வைக்காதீங்க."

"சரிங்க மிஸ்."

அவர் லிஃப்ட் பொத்தானை அமுக்கப் போனார். அமிழ்தா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். என் காதோடு வாயை வைத்தாள்.

"அது கடை எள்ளு இல்லைன்னு எனக்குத் தெரியும் மிஸ். நீங்க டப்பாவைச் சொரண்டிப் போட்டப்ப நான் பாத்துட்டேன்."

இத்தனை நாளும் தண்ணீர் ஊற்றியவள், பூத்ததைச் சொன்னவள், காயைப் பொறுக்கியவள், எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறாள். அப்பாவை ஆற்றுக்குக் கூட்டிப்போவதும் இவள்தான். அவள் இடது கையைப் பொத்தி வைத்திருந்தாள். என் முகத்துக்கு நேரே விரித்தாள். உள்ளங்கையில் ஒரே ஒரு எள்.

"இது மட்டும் நான் வச்சுக்கட்டுமா மிஸ்? எழுப்ப மாட்டேன். சும்மா வச்சுக்கறேன்."

அந்தப் பக்கம் லிஃப்ட் வந்து கதவு திறந்தது. "அம்மிணி, வா சாமி, நேரமாச்சு" என்று அவர் கூப்பிட்டார். கூடாது என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"பத்திரமா வச்சுக்கோ கண்ணு" என்றுதான் வந்தது.